துப்பாக்கி இல்லாத வேட்டைக்குடி: உள் மங்கோலிய அரசினருக்கு ஒரு திறந்த மடல்

உள் மங்கோலியத் தன்னாட்சிப் பகுதி அரசினருக்கும் கென்ஹெ நகர நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். நான் தமிழில் எழுதுகிறவன். உங்கள் பெரிய கிங்கான் மலைக்காட்டில் கால் வைத்ததில்லை. எவென்கி மொழியில் நாலைந்து சொற்கள் தெரியும், அவ்வளவுதான். இந்த மடல் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்று கேட்டால், சேராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதவைத்தது ஒரு வாசகம். கென்ஹெ ஊருக்கு வெளியே இருக்கும் ஆவ்லுகுயா என்ற எவென்கி குடியிருப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், செய்தியானாலும் சுற்றுலா விளம்பரமானாலும், "சீனாவின் கடைசி வேட்டைக்குடி" என்று ஒரு பட்டம் கூடவே வரும். அந்த வேட்டைக்குடியிடம் ஒரு துப்பாக்கி கூட இல்லை. 2003இல் நீங்கள்தான் வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

அதைத் திருப்பிக் கேட்கத்தான் இந்த மடல். எல்லாருக்கும் வேண்டாம், எல்லாக் காட்டிலும் வேண்டாம். எவ்வளவு, எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் இதைப் படிக்கும் தமிழர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் எவென்கி இனத்தவர் 2010 கணக்கெடுப்பின்படி 30,875 பேர். அவர்களில் பெரும்பாலோர் புல்வெளியில் ஆடுமாடு மேய்ப்பவர்கள், பயிர் செய்பவர்கள். நான் பேசுவது அவர்களில் ஒரு சிறு கிளையைப் பற்றி. இருநூற்றுச் சொச்சம் பேர்தான் இருப்பார்கள். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவின் லேனா ஆற்றுப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, இன்று ரஷ்ய-சீன எல்லையாக இருக்கும் எர்குன் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். துருவமான் வளர்ப்பவர்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாகப் படங்களில் வருமே, அந்த மான்தான். சீனாவில் துருவமான் வளர்க்கும் மக்கள் இவர்கள் மட்டுமே. உறைபனிக் காட்டில் அந்த மான் தின்பது லைக்கன் எனும் பாசி. நம் வீட்டு மசாலாப் பெட்டியில் கல்பாசி இருக்கிறதல்லவா, அதுவும் லைக்கன் வகைதான். பனியைக் குளம்பால் தோண்டி அந்தப் பாசியைத் தின்னும். ஓரிடத்தில் பாசி தீர்ந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் மான் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், மானோடு மனிதனும்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. நீங்கள் இவர்களை மான் மேய்ப்பவர்கள் என்று பார்த்தீர்கள். அப்படிப் பார்த்தால் வேட்டை ஒரு பக்கத் தொழில். அதை நிறுத்தினாலும் மேய்ச்சல் இருக்கும், கொம்பு விற்கலாம், சுற்றுலா வரும், பிழைப்பு ஓடும். அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் இவர்கள் துருவமானை இறைச்சிக்காகப் பெருக்கியவர்கள் இல்லை. கூடாரமும் மாவும் குழந்தையும் சுமந்து காட்டுக்குள் வேட்டைக்காரனோடு நடக்கத்தான் அந்த மான். வழியில் பால் கொடுக்கும், தேநீரில் ஊற்றிக் குடிப்பார்கள். இறைச்சி வந்தது காட்டிலிருந்து. வேட்டையை எடுத்துவிட்டு மானை மட்டும் விட்டுவைப்பது, கடலை மூடிவிட்டுப் படகைக் கையில் கொடுப்பது போல. படகு நன்றாகத்தான் இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேட்டை என்று சொல்லும்போது உங்கள் கோப்புகளில் என்ன படம் இருக்கிறதோ தெரியாது. கொஞ்சம் மூஸ் மானைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் காட்டின் மிகப் பெரிய மிருகம் அது. கோடை இரவுகளில் ஆற்றுக்கும் சதுப்புக்கும் வந்து, தலையை நீருக்குள் விட்டு நீர்ச்செடி தின்னும். வேட்டைக்காரன் பிர்ச் மரப்பட்டையில் செய்த ஓடத்தில் போவான். ஒருவர் தூக்கிச் சுமக்கக்கூடிய எடைதான். மூஸ் தலையை நீருக்குள் விடும்போது துடுப்புப் போடுவான், தலையைத் தூக்கும்போது அசையாமல் இருப்பான். இன்னொரு முறை, மண்ணில் உப்பிட்டு வைப்பது. அந்த உவர் மண்ணை நக்க மிருகம் எப்போது வரும் என்று இரவு முழுக்க, கொசுக்கடியில், காற்று எதிரே வீசும் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். புகை பிடிக்கக் கூடாது. இருமக் கூடாது. இலையுதிர் காலத்தில் ஆண் சிவப்புமானைக் கூப்பிட மரத்தில் ஒரு நீண்ட ஊதுகுழல் செய்வார்கள். ஊதுகுழல் என்று சொன்னாலும் அதை ஊதுவதில்லை, காற்றை உள்ளே இழுத்துத்தான் ஓசை எழுப்புவார்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து மான் தானே தேடிக்கொண்டு வரும். இதெல்லாம் ஒரு பையன் பத்து வருடம் பெரியவர் பின்னால் நடந்து கற்றுக்கொள்வது. பள்ளியில் பாடமாக வைக்க முடியாது, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் ஓடத்தை வைத்தாலும் துடுப்பை எப்போது நிறுத்துவது என்பதை வைக்க முடியாது.

மிருகம் விழுந்த பிறகுதான் இன்னும் முக்கியமான பகுதி. எவென்கிகளிடம் நிமாத் என்று ஒரு வழக்கம் உண்டு. அடித்தவனுக்கு இறைச்சி சொந்தமில்லை. அதை அவன் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவான், அது முகாம் முழுக்கப் பங்காகும். கிழவிக்கும் பங்கு, வேட்டைக்குப் போக முடியாத வீட்டுக்கும் பங்கு. அதேபோல் காட்டுக்குள் அங்கங்கே உயரமான கால்களில் மரப்பரண் கட்டி, மாவும் உலர்ந்த இறைச்சியும் துணியும் வைத்திருப்பார்கள். பூட்டு கிடையாது. வழியில் பசியோடு வருகிற யாரும் ஏறி எடுத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பி வைத்தால் போதும். மரம் வெட்ட வெளியிலிருந்து ஆட்கள் வந்த பிறகு இந்தப் பரண்கள் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

கரடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரடியை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தாத்தா என்பார்கள். கரடி இறைச்சி சாப்பிடும்போது காக்கை போலக் கத்துவார்கள், தின்றது நாங்களில்லை, காக்கைதான் என்று அதன் ஆவி நினைக்கட்டுமாம். எலும்புகளைச் சேர்த்து, மனிதருக்குச் செய்வது போல மரத்தின் மேல் வைத்து அடக்கம் செய்வார்கள். எனக்கு இதில் பிடித்தது, தந்திரமும் மரியாதையும் சேர்ந்தே இருப்பது. கொன்றதற்கு வருத்தப்படுகிறார்கள், கூடவே ஒரு பொய்யும் சொல்லி வைக்கிறார்கள். மனிதத்தனமாக இருக்கிறது.

சரி, வேட்டை நின்றது எப்படி என்பதற்கு வருகிறேன். வரலாற்றைப் பார்த்தால் இவர்களை வேட்டையாடாதே என்று சொன்ன அரசு ரொம்பக் காலம் வரை எதுவும் இல்லை. எல்லா அரசும் இன்னும் அதிகமாக வேட்டையாடு என்றுதான் சொன்னது. ரஷ்ய ஜார் 17ஆம் நூற்றாண்டிலிருந்து சைபீரிய எவென்கிகளிடம் யாசாக் என்று ரோம வரி வாங்கினார், சேபிள் என்ற சிறு ரோம மிருகத்தின் தோலாகக் கட்ட வேண்டும். இந்தப் பக்கம் சிங் பேரரசும் சேபிள் தோலைத் திறையாக வாங்கியது. பிறகு ரஷ்ய வியாபாரிகள் வந்து அணில் தோலுக்கு மாவும் தோட்டாவும் சாராயமும் கொடுத்தார்கள். இவர்களில் பலருக்கு மரியா போன்ற பெயர்கள் இருப்பதும், இன்றும் ரஷ்ய வகை ரொட்டியைச் சுட்டுத் தின்பதும் அந்தக் காலத்தின் மிச்சம். 1949க்குப் பிறகு உங்கள் அரசே இவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் கொடுத்தது, ரோமத்தையும் கொம்பையும் கொள்முதல் செய்தது. அப்போது இவர்கள் காட்டின் காவலர்கள், எல்லையின் கண்கள் என்று பாராட்டப்பட்டார்கள். 1957இல் எர்குன் கரையில் சிசியான் என்ற இடத்தில் குடியேற்றினீர்கள். 1965இல் அங்கிருந்து பழைய ஆவ்லுகுயாவுக்கு மாற்றினீர்கள். 1967இல் துருவமான்களைக் கூட்டுடைமை ஆக்கினீர்கள், 1984இல் குடும்பங்களுக்குக் குத்தகையாகத் திருப்பினீர்கள். இதெல்லாம் நடந்தபோதும் வேட்டை இருந்தது. குறையத் தொடங்கியிருந்தது, ஆனாலும் இருந்தது.

ஏன் குறைந்தது? இதை மட்டும் கொஞ்சம் நேர்மையாகப் பேசுவோம். 1950களிலிருந்து கிங்கான் காட்டுக்குள் ரயில் பாதை போட்டு மரம் வெட்டினீர்கள். அரை நூற்றாண்டு வெட்டினீர்கள். ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள் வந்தார்கள், ஊர்கள் முளைத்தன. மிருகம் குறைந்ததற்கு, பிர்ச் ஓடத்தில் ஒருவன் போனது காரணமா, இல்லை ரயில் காரணமா? 1987இல் இதே மலைத்தொடரின் வடகிழக்கில் காட்டுத்தீ பற்றி இருநூறு பேர் அளவில் இறந்தார்கள், பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அதைப் பற்றவைத்தது புதர் வெட்டும் எந்திரமும் சிகரெட்டும், வனத் தொழிலாளர் கையிலிருந்தவை. உள் மங்கோலியப் பகுதிக் காட்டில் வணிக மரவெட்டு முற்றிலும் நின்றது 2015 ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்குப் பாராட்டுகள், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் தேதிகளை அடுக்கிப் பாருங்கள். வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைக் கொடுத்தது 2003இல். காட்டை மொட்டையடித்த வேலை அதற்கப்புறமும் 12 ஆண்டுகள் நடந்திருக்கிறது.

2003 ஆகஸ்டில் நடந்த இடமாற்றத்துக்குச் சூழலியல் குடிபெயர்ப்பு என்று பெயர் வைத்தீர்கள். இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, கென்ஹெ ஊர் ஓரத்தில், 62 குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தீர்கள். மான்களுக்கும் பட்டி கட்டினீர்கள். பட்டிக்குள் மான் என்ன தின்னும் என்று யாராவது கேட்டிருந்தால் நல்லது. பாசி இல்லாமல் மான்கள் நோயில் விழுந்தன, சில செத்தன. குடும்பங்கள் மானை ஓட்டிக்கொண்டு திரும்பக் காட்டுக்குப் போய்விட்டன. இது ஒன்றும் ரகசியமில்லை, உங்கள் நாட்டு ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு நீங்களும் விட்டுக்கொடுத்து, காட்டு முகாம்களை அனுமதித்தீர்கள். மரியா சுவோ என்ற மூதாட்டி புது வீட்டுக்கு ஒப்பவே இல்லை. 2022 ஆகஸ்டில் தன் 101ஆம் வயதில் இறக்கும்வரை கடைசித் தலைவி என்று உலகமே அவரைச் சொன்னது. மான் திரும்பியது, குடும்பங்கள் திரும்பின, துப்பாக்கி மட்டும் திரும்பவில்லை.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். புது வீட்டில் வெப்பக் குழாய் இருக்கிறது. கென்ஹெ பக்கம் பனிக்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி போவது சாதாரணம், சீனாவின் குளிர் முனை என்றே ஊருக்குப் பெயர். காசநோய் வந்தால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. இளைஞர்களில் பலர் காட்டு முகாமுக்குப் போவதை விட ஊரில் இருப்பதையே விரும்புகிறார்கள், அதில் குறை சொல்ல நான் யார்? கண்ணாடி வீட்டுக்குள் இருந்துகொண்டு, குளிரில் நடுங்கும் வாழ்க்கையை மற்றவருக்கு அழகு என்று சொல்லும் ஆட்களை எனக்கும் பிடிக்காது. சாராயப் பிரச்சினையும் 2003இல் பிறந்ததில்லை, அணில் தோல் வியாபாரி மூட்டையிலேயே வந்தது. ஆனால் வேலை செய்யத் தெரிந்த கைக்கு வேலை இல்லாமல் போனால், அந்தப் போத்தல் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரு ஊரில் மிகத் திறமையான மனிதர் யாரோ அவரை ஒரே நாளில் பயனற்றவர் ஆக்கினீர்கள். அவரைப் பார்த்து வளர வேண்டிய பையன் முன்னால், அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மொழியும் அங்கேயே வழுக்குகிறது. துருவமானுக்கு வயதுக்கு ஒரு பெயர், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சொல்வளம் உள்ள மொழி. சுவடு, பனியின் தன்மை, மிருகம் போன திசை, இதற்கெல்லாம் சொல் வேண்டியிருப்பது அதோடு பிழைக்கிறவனுக்குத்தான். 1997இல் நியூரா என்ற கடைசி ஷாமன், அதாவது ஆவிகளோடு பேசும் பூசாரி, இறந்தார். ஷாமன் என்ற சொல்லே எவென்கி உள்ளிட்ட துங்கூசிய மொழிகளிலிருந்து, ரஷ்யர் வழியாக உலகத்துக்குப் போனது. நம் சமணர் என்ற சொல்லோடு அதற்கு உறவு சொல்பவர்களும் உண்டு, எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. எப்படியோ, உலகத்துக்கே அந்தச் சொல்லைக் கொடுத்த மொழிக் குடும்பத்தில், இந்தக் காட்டில் அந்தப் பெயரைச் சுமக்க ஆளில்லை. நியூராவின் சாவுக்கு நீங்கள் பொறுப்பில்லை. சுவடு பார்க்கும் கடைசி ஆள் போகும்போதும் அதையே சொல்ல முடியாது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். 1996 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த உங்கள் நாட்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உலகத்திலேயே கடுமையான ஒன்று. அதன் 6ஆவது பிரிவு, வேட்டைப் பகுதியில் வாழும் வேட்டைக்காரரும் மேய்ச்சல் பகுதியில் வாழும் மேய்ப்பரும் வேட்டைத் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்தப் பகுதிகளின் எல்லையை வகுப்பது மாகாண அளவிலான அரசு. அதாவது நீங்கள். பெய்ஜிங் போகத் தேவையில்லை, புதுச் சட்டம் தேவையில்லை. குய்சோ மாகாணத்தில் பாசா என்ற மியாவ் இனக் கிராமத்து ஆண்கள் இன்றும் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுட்டும் காட்டுகிறார்கள். காட்சிக்குத் துப்பாக்கி ஆகும், காட்டில் கரடி வரும் இடத்தில் முகாம் போட்டிருக்கிறவனுக்கு ஆகாது என்றால் எனக்குப் புரியவில்லை.

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று சொல்வீர்கள். மூஸ் மான் உங்கள் நாட்டில் முதல் தரப் பாதுகாப்பில் இருக்கிறது, அதைச் சுட அனுமதி கேட்கவில்லை. எண்ணிக்கை தேறிய பிறகு, ஒரு தலைமுறை கழித்துக்கூட, அந்தப் பேச்சை எடுக்கலாம். ஆனால் காட்டுப்பன்றியை 2023இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். பயிரை அழிக்கிறது என்று பல மாகாணங்களில் பன்றி பிடிக்கக் கூலிக்கு வேட்டைக் குழுக்களை அமர்த்துகிறார்கள். வேட்டைக்காரர் வேண்டும் என்று வெளியில் தேடுகிற அதே நாட்டில், பிறவி வேட்டைக்காரர்கள் கொம்பு விற்றுக்கொண்டும் மானுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

அப்புறம் கண்ணிகள். துப்பாக்கி வாங்கப்பட்டதும் காட்டில் வேட்டை நிற்கவில்லை, ஆள் மாறியது. வெளியிலிருந்து வருபவர்கள் இரும்புக் கம்பியில் சுருக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் காட்டு மிருகம் மட்டுமா விழும்? எவென்கிகளின் துருவமானும் விழுகிறது. காலில் சுருக்கு இறுகி, பனியில் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. ஆயிரத்துச் சொச்சம் துருவமான்தான் மொத்தமே, ஒன்று போனாலும் பெரிய நஷ்டம். நிமாத்தும் காக்கைக் குரலும் தெரிந்த ஆளிடமிருந்து காட்டை வாங்கி, சுருக்குப் போடுபவனிடம் கொடுத்திருக்கிறோம் என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

துப்பாக்கி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மயக்கம் எனக்கில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவில் எவென்கிகள் இன்னும் சட்டப்படி சேபிள் வேட்டையாடுகிறார்கள், துப்பாக்கி இருக்கிறது. அங்கே தங்கச் சுரங்கமும் ரயிலும் எரிவாயுக் குழாயும் காட்டைத் துண்டு போடுகின்றன. கீழ்த் துங்குஸ்கா ஆற்றில் ஒரு பெரும் அணைத் திட்டம் பல ஆண்டுகள் அவர்கள் தலைமேல் தொங்கியது. அவர்களின் தன்னாட்சி வட்டம் 2007இல் கிராஸ்னயார்ஸ்க் பிரதேசத்தோடு கரைந்தது. அங்கே வேட்டைக்காரன் இருக்கிறான், காடு சுருங்குகிறது. உங்களிடம் மரவெட்டு நின்று காடு மீள்கிறது, வேட்டைக்காரன் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் அமைய வாய்ப்புள்ள ஒரே காடு இப்போது உங்களுடையது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே கேட்பது இதுதான். இப்போது காட்டில் முகாம் போட்டிருக்கும் குடும்பங்களின் மேய்ச்சல் பகுதியை, 6ஆவது பிரிவின்படி வேட்டைப் பகுதியாக அறிவியுங்கள். ஒரு முகாமுக்கு ஒரு துப்பாக்கி, பெயர் பதிந்து, தோட்டா எண்ணிக் கொடுத்து. எதை, எந்த மாதத்தில், எத்தனை என்று முகாம்களோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள், வனத்துறை மட்டும் எழுதினால் அது இன்னொரு 2003 ஆகும். துப்பாக்கிக்கு மனம் வரவில்லை என்றால், முதல் படியாக முகாமுக்கு ஒருவரையாவது சம்பளத்தோடு வனக்காவலராக்கி, கண்ணிகளை அறுக்கவும் சுருக்குப் போடுபவனைத் தடுக்கவும் அதிகாரம் கொடுங்கள். 1950களில் இவர்களைக் காவலர் என்று பாராட்டியவர்கள் நீங்கள்தானே. அவரோடு ஒரு இளைஞனையும் சம்பளத்தில் சேர்த்து அனுப்புங்கள், கூட நடக்க. ஊர் வாழ்க்கை வேண்டும் என்கிற இளைஞனை இழுக்க வேண்டாம். போக விரும்புகிற இரண்டு மூன்று பேருக்காவது வழி இருக்கட்டும்.

அந்த மான் வளர்ப்புப் பழக்கத்தைத் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 2013 ஜூலையில் உலகத் துருவமான் மேய்ப்பர் மாநாட்டை இதே ஆவ்லுகுயாவில் நடத்தினீர்கள், உலகம் முழுவதுமிருந்து மேய்ப்பர்கள் வந்தார்கள். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007இல் உங்கள் நாடு ஆதரவாக வாக்களித்தது. மக்களின் பிழைப்பு முறையைப் பறித்தால் ஈடு செய்ய வேண்டும் என்று அதன் 20ஆவது பிரிவில் இருக்கிறது. உங்கள் நாட்டில் பழங்குடி என்று யாரும் இல்லை என்பது உங்கள் நிலைப்பாடு, தெரியும். பெயரில் என்ன, சிறுபான்மை இனம் என்றே வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் முடிவதற்குள் கென்ஹெ பக்கம் பனி விழத் தொடங்கிவிடும். பனியில் சுவடு தெரியும் என்பதால் கண்ணி வைப்பவர்களும் அப்போதுதான் கிளம்புவார்கள். அதற்குள் எத்தனை முகாம்களில் ஒரு காவலர் அட்டையாவது இருக்கும் என்பதை மட்டும் அந்த முகாம்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தமிழ் வாசகன் ஒருவன்